தீர்ப்புகளும் நம் வீட்டு டிரங்குப் பெட்டியும்
(தேவ்நாரில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் வக்கீல் அல்ல. வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். 1978-ல் ஊரைவிட்டு வந்து, தாராவியில் தோல் பட்டறையில் எட்டு ஆண்டு தோல் உரித்து, பிறகு குர்லா கோர்ட்டு வாசலில் கட்டுத் தூக்கிப் பிழைத்தவன். ஆகையால் நான் சொல்லப்போவது சட்டப் பிரசங்கம் அல்ல. கட்டுத் தூக்கியவன் கண்ட காட்சி, அவ்வளவுதான். நம் குடும்பங்களைத் தொடுகிற சில தீர்ப்புகளைப் பேசு என்று சங்கத்தார் சொன்னார்கள். பேசுகிறேன். கடைசியில் என் சொந்தக் குற்றம் ஒன்றையும் உங்கள் முன் சொல்லி முடிக்கிறேன்.

நமக்கு இரண்டு ஐகோர்ட்டு

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த ஊரில் பிறந்து இங்கேயே இருக்கிறவனுக்கு ஒரே ஐகோர்ட்டு. நமக்கு இரண்டு. நாம் குடியிருக்கிற குடிசை பம்பாய் ஐகோர்ட்டுக்கு உட்பட்டது. ஊரில் இருக்கிற காணி நிலமும் ஓட்டு வீடும் சென்னை ஐகோர்ட்டுக்கு உட்பட்டவை; தென்மாவட்டத்துக்காரர்களுக்கு 2004 முதல் மதுரைக் கிளை இருக்கிறது. நிலம் எங்கே கிடக்கிறதோ அங்கேதான் வழக்கு. ஆள் எங்கே இருக்கிறான் என்பது கணக்கில்லை. இரண்டு ஐகோர்ட்டும் 1862-ல் பிறந்தவை. ஒன்று இருக்கிற மாநிலத்தில் பேசுவது மராத்தி, மற்றொன்று இருக்கிற மாநிலத்தில் பேசுவது தமிழ், இரண்டு ஐகோர்ட்டிலும் எழுதுவது ஆங்கிலம். நம்மவன் கையில் வருகிற காகிதத்தில் அவனுக்குப் புரிகிற எழுத்து ஒன்றுமே இல்லாமல் போவது இப்படித்தான்.

இந்தப் புரியாத காகிதத்தைப் பற்றித்தான் இன்றைக்கு என் பேச்சு முழுவதும்.

பிடித்தால் காரணம் சொல்

1983-ல் ஒரு ராத்திரி, டீக்கடை வாசலில் நின்ற எங்களில் ஏழெட்டுப் பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்தக் காவல் நிலையம் என்பது இப்போது வேண்டாம். இரண்டு ராத்திரி உள்ளே இருந்தோம். மூன்றாம் நாள் மராத்தியில் எழுதிய ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்கு அப்போது மராத்தி எழுத்துத் தெரியாது. போட்டேன். வெளியே விட்டார்கள். எதற்காகப் பிடித்தார்கள், எதில் கையெழுத்துப் போட்டேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே இருந்தது பெரிதாகப் படவில்லை. என் பெயரை நானே எழுதி, எதை ஒப்புக்கொண்டேன் என்று தெரியாமல் வெளியே வந்தேனே, அதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

கைது செய்கிறவன் காரணம் சொல்ல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு அன்றும் இருந்தது. எந்த மொழியில் என்பதுதான் தகராறு. 1962-லேயே நாகபுரிக்காரர் ஒருவரைத் தடுப்புக் காவலில் வைத்து, காரணங்களை ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். அவர் இந்தியில் கேட்டார். அதிகாரி வாயால் விளக்கிவிட்டார், போதும் என்றது அரசு. போதாது, அவருக்குப் புரிகிற மொழியில் எழுத்திலே கொடுக்க வேண்டும் என்றது உச்சநீதிமன்றம். ஆனால் அது தடுப்புக் காவல் வழக்கு. சாதாரணக் கைதுக்கு இவ்வளவு தெளிவு வர நெடுங்காலம் ஆயிற்று.

2024 ஜூலையில் இதே நகரத்தில், வொர்லியில், ஒரு பெரிய கார் ஸ்கூட்டரில் மோதி, மீன் விற்றுப் பிழைக்கும் குடும்பத்துப் பெண் ஒருவர் உயிரிழந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கைதானவர், காரணத்தை எழுத்தில் தரவில்லை, ஆகவே என் கைது செல்லாது என்று பம்பாய் ஐகோர்ட்டுக்குப் போனார். அங்கே தள்ளுபடி. உச்சநீதிமன்றத்துக்குப் போனார். 2025 நவம்பர் 6-ஆம் நாள் அங்கே தீர்ப்பு வந்தது. அதில் பொதுவான விதி ஒன்றை வகுத்தார்கள். எந்தக் குற்றமானாலும் சரி, கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கைதானவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும். அந்த நிமிடத்தில் எழுதித் தர முடியாத நிலை என்றால் வாயால் சொல்லிவிட்டு, காவலில் வைக்கக் கேட்டு மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்தக் கைதும் காவலும் சட்டப்படி செல்லா.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் வழக்கில் பிறந்த விதிதான். ஆனால் விதிக்கு ஏழை பணக்காரன் தெரியாது. நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பிடித்தால் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே வாக்கியம்: "எங்களுக்குத் தெரிந்த மொழியில் காரணத்தை எழுதிக் கொடுங்கள்." சண்டை வேண்டாம், கும்பல் வேண்டாம். இந்த ஒரு வாக்கியம் போதும். அதோடு, குடும்பத்தாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதும் சட்டம்.

குடிசையும் தேதியும்

அடுத்து நம் குடிசை. 1981 ஜூலையில் மகாராஷ்டிர முதலமைச்சராக இருந்த அந்துலே, நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கு அனுப்பப்போவதாக அறிவித்தார். கொட்டுகிற மழையில் இடித்தார்கள். அப்போது கோர்ட்டுக்குப் போனவர்களில் ஒருவர் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி, மழை பொய்த்து வேலை இல்லாமல் 1961-ல் பம்பாய்க்கு வந்தவர். தகிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட ஒரு கூரைக்கு தாதா ஒருவனுக்கு 2,500 ரூபாய் அழுதிருந்தார். மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். 1981 ஜூலை 23 அன்று கூரையைப் பிடுங்கி எறிந்து, குடும்பத்தையே பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் திரும்பி வந்தார். மறுபடி நடைபாதை.

ஏன் திரும்பி வந்தார்? இந்தக் கேள்விக்கு இங்கே இருக்கிற யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சேலத்தில் சோறு இருந்தால் அவர் 1961-லேயே வந்திருக்க மாட்டார்.

இந்த வழக்குத்தான் ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று உலகமெங்கும் சட்டப் பள்ளிகளில் படிக்கப்படுவது. ஓல்கா டெல்லிஸ் ஒரு பத்திரிகையாளர்; அவரும் மனுதாரர். 1985 ஜூலை 10 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். உயிர்வாழும் உரிமை என்றால் அதில் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம். பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்குச் சமம் என்றார்கள். கேட்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் தோழர்களே, தீர்ப்பின் மறுபாதியையும் படிக்க வேண்டும். நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை இல்லை, முனிசிபாலிடி அகற்றலாம், பொதுவாக முன்னறிவிப்புத் தர வேண்டும், மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31 வரை பொறுக்க வேண்டும். இவ்வளவுதான். 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றார்கள். இருபது ஆண்டுக்கு மேல் நின்று மேம்படுத்தப்பட்ட குடிசைப் பகுதியை, பொதுத் தேவைக்கு நிலம் வேண்டியிருந்தாலொழிய அகற்றக் கூடாது, அப்படி அகற்றினால் மாற்று இடம் கொடு என்றார்கள்.

ஆகக் கொள்கை எல்லாருக்கும் கிடைத்தது; இடம் காகிதம் வைத்திருந்தவனுக்குத்தான் கிடைத்தது. இதைத்தான் நான் அன்று முதல் சொல்லி வருகிறேன்.

இந்தப் பக்கத்து மக்களுக்கு இது புதிதல்ல. அவசரநிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில், டிராம்பே ஜனதா காலனியில் இருந்த சுமார் 70,000 பேரை அப்புறப்படுத்திச் சீத்தா கேம்ப்பில் கொண்டுவந்து கொட்டினார்களே, அந்தக் குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கக்கூடும். அதை எதிர்த்து நின்றவர்களில் முன்னே நின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். 2018-ல் மறையும் வரை குடிசைவாசிகளுக்கு அவர் சொல்லி வந்தது ஒன்று: உன்னை அரசாங்கம் எண்ணுவதற்கு முன் நீயே உன்னை எண்ணிக்கொள்.

இன்றைக்கு விதி என்ன? 2000 ஜனவரி 1-க்கு முன் இருந்த குடிசைக்கு இலவச மாற்று வீடு. அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்கு இரண்டரை லட்ச ரூபாய் கட்டினால் வீடு. தாராவியில் இதிலும் பிரிவு உண்டு. முதல் வகைக்குத் தாராவிக்குள், மற்றவர்களுக்கு வெளியே. அந்த வெளியில் ஒரு பகுதி எது தெரியுமா? நாம் கூடியிருக்கும் இந்தத் தேவ்நார்தான். 1927 முதல் பம்பாய் தன் குப்பையைக் கொட்டிவரும் மேட்டில் 124 ஏக்கரை ஒதுக்க மாநில அரசு 2024-ல் முடிவு செய்தது. அந்தத் திட்டத்தின் டெண்டரை எதிர்த்து வந்த வழக்கை 2024 டிசம்பர் 20 அன்று பம்பாய் ஐகோர்ட்டு தள்ளியது. ஆனால் அது டெண்டர் யாருக்கு என்கிற வழக்கு. உங்கள் வீட்டுக்குத் தகுதி உண்டா இல்லையா என்பதை அந்த வழக்கு தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானிப்பது உங்கள் பெட்டியில் இருக்கிற பழைய ரேஷன் கார்டும், வாக்காளர் பட்டியல் நகலும், மின்சார பில்லும்தான்.

இன்னொரு எச்சரிக்கை. இடிப்பதற்கு முன் 15 நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்று 2024 நவம்பர் 13-ல் உச்சநீதிமன்றம் சொன்னதை நம்பி, எல்லாக் குடிசைக்கும் பாதுகாப்பு வந்துவிட்டது என்று சிலர் பேசுகிறார்கள். இல்லை. சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், நீர்நிலை ஆகியவற்றில் உள்ள கட்டடங்களுக்கு அந்தத் தீர்ப்புப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பாதித் தீர்ப்பைக் கேட்டு ஏமாறாதீர்கள்.

மணியார்டர் அனுப்பியவனும் வாங்கியவளும்

இனித் தாய்மார்களுக்கான செய்தி. 2023 ஜூன் 21 அன்று சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு இரண்டாம் மேல்முறையீட்டில் தீர்ப்புச் சொன்னார். அது கேட்கக் கேட்க நம் வீட்டுக் கதை. கணவர் 1983 முதல் 1994 வரை சவூதியில் வேலை. மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்க்கிறார். வந்த பணத்தில் சொத்து வாங்கப்படுகிறது, மனைவி பெயரில். கணவர் திரும்பி வந்ததும் பிணக்கு. எல்லாம் என் சம்பாத்தியம், அவள் வெறும் பெயருக்குத்தான் என்று வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே கணவர் இறந்தார். பிள்ளைகள் தாய்க்கு எதிராக வழக்கைத் தொடர்ந்தார்கள்.

நீதிபதி என்ன சொன்னார்? கணவன் எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறான்; வீட்டில் இருப்பவள் இருபத்துநான்கு மணி நேரமும் பார்க்கிறாள். சமையல், கணக்கு, வைத்தியம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் அவள் பார்ப்பதால்தான் அவன் கவலையில்லாமல் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிகிறது. ஆகவே அவன் வருமானத்தில் வாங்கிய சொத்தில் அவள் உழைப்பும் இருக்கிறது. இந்த உழைப்பை மதிக்கச் சொல்லித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் மதிக்கக் கூடாது என்றும் சட்டம் இல்லை. இப்படிச் சொல்லி, குடும்ப வருமானத்தில் வாங்கிய சொத்துகளில் மனைவிக்குச் சரிபாதி என்று தீர்த்தார்.

சவூதிக்குப் பதில் தாராவி என்று போட்டுக்கொள்ளுங்கள். நாம் இங்கே இருந்து மணியார்டர் அனுப்பினோம். அங்கே அவள் தண்ணீர் சுமந்து, மாமனார் மாமியாருக்குக் கஞ்சி ஊற்றி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நடுராத்திரி தனியே ஓடி, மிச்சம் பிடித்துச் சீட்டுக் கட்டி, மூன்று சென்ட் மனை வாங்கினாள். அந்த மனையை யாராவது "நான் சம்பாதித்தது" என்று சொன்னால், அனுப்பிய காசு மட்டும் மனையாகிவிடாது என்று அவனுக்குச் சொல்லுங்கள். இது ஒற்றை நீதிபதியின் தீர்ப்பு. ஒவ்வொரு வழக்கும் அதனதன் சாட்சியப்படி போகும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். மும்பையில் வாங்கிய சொத்துக்கு இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டலாமே தவிர, பம்பாய் ஐகோர்ட்டை அது கட்டுப்படுத்தாது. ஆனால் கதவு திறந்திருக்கிறது.

திருமணம் பற்றி ஒரு வார்த்தை. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-ல் சென்னை ஐகோர்ட்டு சொன்னது. 1967-ல் அண்ணா ஆட்சி சட்டம் செய்து அதைச் செல்லும்படி ஆக்கியது. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் அதை மீண்டும் உறுதி செய்தது. ஆனால் அது தமிழ்நாட்டுத் திருத்தம். இங்கே மகாராஷ்டிரத்தில் அந்த முறையில் மாலை மாற்றிக்கொள்கிற பிள்ளைகள், தனித் திருமணச் சட்டப்படி பதிவும் செய்துவிடுங்கள். மாலை வாடிவிடும், பதிவேடு வாடாது.

என் தங்கை

இப்போது நான் சொன்ன அந்தக் குற்றம்.

எங்களுக்கு நாங்குநேரிப் பக்கம் தாத்தா காலத்து ஒன்றரை ஏக்கர். 1996-ல் அப்பா இறந்தார். அம்மா முன்பே போய்விட்டார். எனக்கு ஒரே தங்கை, 1985-ல் கட்டிக்கொடுத்தோம். 1997-ல் ஊருக்குப் போய், அவளை ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். ஒரு சேலையும் ஐயாயிரம் ரூபாயும் கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் பத்திரத்தை அவள் கையில் கொடுக்கவும் இல்லை, வாசித்துக் காட்டவும் இல்லை. "நிலத்தை என் பேருக்கு மாத்தணும், போடு" என்றேன். அண்ணன் சொன்னான், போட்டாள்.

நான் அப்போது வக்கீல் குமாஸ்தா, தோழர்களே. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா பங்கில் மகளுக்கும் பங்கு உண்டு என்பது எனக்குத் தெரியும்.

பிறகு 2005-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, பூர்விகச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே உரிமை மகளுக்கும் உண்டு என்றது. 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றம், அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று தெளிவாக்கியது. அந்தத் தீர்ப்பை நான் தமிழில் எழுதி நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். படித்துக்கொண்டு வரும்போது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தின் மூலம் நடந்து முடிந்ததை இந்தச் சட்டம் கலைக்காது. அதாவது நான் பாதுகாப்பாக இருக்கிறேன். என்னை எந்தக் கோர்ட்டும் தொட முடியாது. அன்று ராத்திரி எனக்கு 1983-ஆம் வருஷத்துக் காவல் நிலையம் நினைவுக்கு வந்தது. எனக்கு என்ன செய்தார்களோ, அதையே நான் என் தங்கைக்குச் செய்திருந்தேன்.

ஊருக்குப் போனேன். பாதி நிலத்தை அவள் பேருக்குச் செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்தேன். இந்த முறை ஒவ்வொரு வரியாக வாசித்தேன். கேட்டு முடித்துவிட்டு அவள் சொன்னது இதுதான்: "அண்ணே, அன்னிக்கே இப்படி வாசிச்சுக் காட்டியிருந்தா, நானே முழுசும் ஒனக்குன்னு சந்தோசமாப் போட்டிருப்பேனே."

நிலத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அந்த இருபத்துச் சொச்ச வருஷத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியைத் தனியே ஒதுக்குங்கள். ரேஷன் கார்டு, மின்சார பில், வாக்காளர் நகல், ஊர்ப் பட்டா, தாய்ப் பத்திரம், திருமணச் சான்று எல்லாம் அதில் இருக்கட்டும். சாவி வீட்டு அம்மாவிடம் இருக்கட்டும். புரியாத காகிதம் எது வந்தாலும், புரிகிற ஒருவர் வாய்விட்டு வாசித்த பிறகே கையெழுத்து. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள். 1987 சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், காவலில் இருப்பவருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

கடைசியாக அண்ணன்மார்களுக்கு. ஊரில் உங்கள் தங்கை கையெழுத்துப் போட்ட பத்திரம் ஏதாவது உங்கள் பெட்டியிலும் இருக்கும். இன்று ராத்திரி அதை எடுத்துப் பாருங்கள்.